நான் பொடி தூவிப் பார்க்காத வண்டி

அன்புள்ள மகனுக்கு,

எப்போதும் "இங்கே எல்லோரும் சுகம், அங்கே நீயும் சுகமாயிருக்க ஆண்டவரை வேண்டுகிறோம்" என்று எழுதச் சொல்லித்தான் ஆரம்பிப்பேன். இன்று அதை எழுதச் சொல்லவில்லை. அந்த வரி ஏன் வரவில்லை என்று உன் அக்காள் ஸ்டெல்லா பேனாவைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத் தெரியாது. கண்ணில் புரை விழுந்த இந்த இரண்டு வருஷமாக உனக்கு வருகிற கடிதமெல்லாம் என் வாய், அவள் கை என்று உனக்குத் தெரியும். இன்றைக்கும் அப்படித்தான். கொஞ்சம் நீளமான கடிதம், பொறுமையாகப் படி. தங்கவயலில் சாயங்காலம் ஷிப்டு முடிந்து வந்த பிறகு படி, வேலைக்குப் போகிற அவசரத்தில் படிக்காதே.

உன் கடிதம் போன வாரம் வந்தது. சண்டை முடிந்து துரைமாரெல்லாம் கப்பலேறுகிறார்கள், நம் ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே இரண்டு தெரு தள்ளி ஒரு பங்களாவில் சிவப்பு டூ-சீட்டர் விலைக்கு நிற்கிறது, நிச்சயதார்த்தத்துக்கு வந்தபோது பார்த்து மனசைப் பறிகொடுத்துவிட்டேன், கல்யாணத்தன்று பெண்ணைக் கோயிலிலிருந்து அதில்தான் கூட்டி வர வேண்டும் என்று எழுதியிருந்தாய். முன்னால் ஒரு தடவை மதகில் மோதிய வண்டி என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தாய். அதில் எனக்குச் சந்தோஷம்தான். சின்ன வயதில் பட்டறைக்கு எந்த வண்டி வந்தாலும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பாய், உன் அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துப் போவாள். கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய்: "எட்டு வருஷமா நீங்க எந்த வண்டியையும் தொடறதில்ல. எனக்காக ஒரே ஒரு தடவ பாருங்கப்பா. நீங்க சரின்னா வாங்கறேன், வேணாம்னா விட்டுடறேன்." அக்காள் அதை இரண்டு தரம் படித்துக் காட்டினாள். முடியாது என்று எழுதச் சொல்ல வாய் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் போனோம்.

பழைய பையை அக்காள் பரணிலிருந்து எடுத்துத் தந்தாள். நூலுண்டை, தூக்குக் குண்டு, சாக்கட்டி, ஒரு சின்னக் கத்தி, மண்ணெண்ணெய் புட்டி, சுண்ணப்பொடி, இவ்வளவுதான் சாமான். பங்களா பட்லர் ஷெட்டைத் திறந்துவிட்டு, "ஒரே ஒரு தபா இடிச்சுது சார். அதுக்கப்பறம் பூ மாதிரி ஓடுது" என்றான். நான் இடது மட்கார்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். டங் டங் என்று வந்துகொண்டிருந்த சத்தம், நசுங்கின பள்ளத்தை ஈயம் வைத்து நிரப்பியிருந்த ஓரிடத்தில் தொப்பென்று அடங்கியது. "பூவுக்கு எதுக்குப்பா இவ்ளோ ஈயம்?" என்று கேட்டேன். அவன் அதற்குப் பிறகு எங்களை விட்டுவிட்டு வெளியே போய் பீடி பற்றவைத்துக்கொண்டான்.

மகனே, என் கண் பார்க்க வேண்டியதை உன் அக்காள் பார்த்தாள். பின்விளக்குப் பக்கம் குனிந்து வண்டியின் பக்கவாட்டை நீளத்துக்கும் பார்க்கச் சொன்னேன். "இடது கதவு வரைக்கும் நேரா இருக்குப்பா, அதுக்கு முன்னாடி தண்ணி மாதிரி நெளியுது" என்றாள். கதவிடுக்கில் காலணாவைச் செருகி மேலேயும் கீழேயும் ஓட்டச் சொன்னேன். மேலே ஓடியது, கீழே இறுகியது. நான்கு ஸ்பிரிங் ஆணிகளிலிருந்தும் தூக்குக் குண்டைத் தொங்கவிட்டு, குண்டு தொட்ட இடத்தில் தரையில் சாக்கட்டியால் புள்ளி வைக்கச் சொன்னேன். பிறகு நானும் அவளுமாக வண்டியைத் தள்ளி நகர்த்திவிட்டு, புள்ளிகளுக்குக் குறுக்கே மூலைக்கு மூலை நூல் பிடித்தோம். இரண்டு நூலும் ஒரே நீளம் இருக்க வேண்டும். என் கட்டைவிரல் நகத்தளவு வித்தியாசம் வந்தது. முற்றத்தில் தண்ணீர் ஊற்றி வண்டியை நேராக உருட்டிப் பார்த்தோம். பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின் மேல் விழாமல் வலப்பக்கம் கொஞ்சம் ஒதுங்கியே போனது. வண்டி அந்த மதகை இன்னும் முழுசாக மறக்கவில்லை. ஆனால் அதெல்லாம் டயர் தேய்கிற குறை, உயிர் போகிற குறை அல்ல.

உயிர் இருப்பது முன் அச்சில். நான் மல்லாந்து படுத்து உள்ளே போனேன், அக்காளும் புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தாள். கத்தியால் பெயிண்டைச் சுரண்டிவிட்டு, அச்சு முழுக்க மண்ணெண்ணெய் தடவி, ஒரு கால் மணி நேரம் ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணப்பொடியைத் தூவினேன். இரும்பில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் அதற்குள் போன எண்ணெய் திரும்பக் கசிந்து வந்து வெள்ளைப் பொடியில் கறுப்பாகக் கோடு போடும். கண் ஏமாறும், விரல் ஏமாறும், இது ஏமாறாது. அவள் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கோடு எதுவும் வரலப்பா" என்றாள். அப்படியே குனிந்த வாக்கில், செத்துப்போன தன் புருஷனை நினைத்துக் கேட்டாள்:

"அவரோட வண்டிக்கும் இதே மாதிரி பொடி போட்டுப் பாத்தீங்களாப்பா?"

"பாத்தேம்மா."

"கோடு வரல?"

"வரல."

"அப்போ வண்டி மேல தப்பில்ல" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியில் என் முழங்கையைப் பிடித்திருந்த கை இறுகிக்கொண்டே வந்தது. நம் தெரு திரும்பியதும் சொன்னாள்: "எட்டு வருஷமா மனசுல ஒரு மூலையில சந்தேகம் இருந்துச்சுப்பா. ஊரே வேகம்னு சொன்னாலும், ஒருவேள வண்டிதான் என்னவோன்னு நெனப்பேன். அந்த நெனப்பிலதான் வருஷா வருஷம் அவரு ஆத்துமாவுக்குக் கோயில்ல பூசை குடுத்தேன். நீங்க எவ்ளோ பாத்துக் குடுத்திருக்கீங்கன்னு இன்னிக்குத்தான் கண்ணால பாத்தேன். அப்பேர்ப்பட்ட வண்டிய கொண்டு போய் மரத்துல விட்டுட்டாரு. இந்த வருஷம் பூசை வேணாம்பா." அதைக் கேட்டு மூன்று நாள் ஆகிறது. உனக்கு எழுத வேண்டும், உட்கார் என்று இன்று அவளைக் கூப்பிட்டது இதற்காகத்தான். அவளுக்கு நேராகச் சொல்ல எட்டு வருஷமாகத் தைரியம் வராத கோழை நான். உனக்குச் சொல்கிற சாக்கில் அவளுக்குச் சொல்கிறேன். ஸ்டெல்லா, நிறுத்தாமல் எழுது அம்மா.

மகனே, மாப்பிள்ளை அருளப்பனின் வண்டிக்கு நான் பொடி தூவிப் பார்க்கவில்லை. நூல் பிடிக்கவில்லை. குனிந்துகூடப் பார்க்கவில்லை.

உனக்கு அப்போது பதினாறு வயசு, போர்டிங்கில் இருந்தாய். அந்தப் பச்சை டூ-சீட்டர் ஒரு மிலிட்டரி துரையுடையது. பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில் இன்னொரு காரோடு மோதி, முன் அச்சு வில்லாக வளைந்து நம் பட்டறைக்கு வந்தது. வளைந்த அச்சைக் கழற்றி, உலையில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தின பிறகு அதைச் சாம்பலில் புதைத்து மறுநாள் காலை வரை தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீர் காட்டினால் இரும்பு உள்ளுக்குள் வெடிக்கும், மேலே ஒன்றும் தெரியாது. பட்டறையில் சேர்ந்த முதல் மாசமே எனக்குத் தெரிந்த பாடம் இது. ஆனால் துரை சாயங்காலமே வண்டி வேண்டும் என்றான். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பட்டறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "ரெண்டு மணி நேரத்துல குடுக்கறேன் துரை" என்று நான் மார்தட்டினேன். அந்த ஊரில் அச்சு வேலைக்கு என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்குத் தலைக்கனம். செக்கச் சிவந்த அச்சின் மேல் ஈரச் சாக்கைப் போட்டேன். பக்கத்து உலையிலிருந்த காசிம் மேஸ்திரி ஓடி வந்து, "தண்ணி நக்கோ, மேஸ்திரி! தண்ணி வேணாம்! அச்சு அது! சாம்பல்ல போட்டு வை, காலைல எடுக்கலாம்" என்றார். "உனக்குப் பொறுமை இருக்கு பாய், துரைக்கு இல்லையே" என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். துரை சாயங்காலம் வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். என் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த வருஷம் அவனுக்கு மாற்றலாகி, அதே வண்டி விலைக்கு வந்தது. மாப்பிள்ளையை உனக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர், கூட்டமான தெருவில் சைக்கிளைக்கூட இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறவர். அவருக்கு வேகத்தில் ஆசையே கிடையாது. அந்த வண்டியின் மட்கார்டு வளைவு பிடித்துப்போய், பட்டறை வாசலில் நின்று நோட்டில் அதை வரைந்துகொண்டிருப்பார். "மாமா, நீங்க ஒரு தடவ நல்லா பாத்துச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா வாங்கறேன்" என்றார். நீ எழுதியதும் கிட்டத்தட்ட அதே வார்த்தைதான். அன்றைக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நானே செஞ்ச வேலை மாப்ள, அதுல பாக்க என்ன இருக்கு?" என்றேன். ஊரார் செய்த வேலையையெல்லாம் படுத்துப் புரண்டு பார்க்கிறவன், என் வேலைக்குப் பொடி தூவினால் எனக்கே அவமானம் என்று நினைத்தேன். காசிம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு இந்த காடி நக்கோ, மேஸ்திரி. வேற வண்டி பாரு" என்றார். பொறாமை என்றேன். கன்டோன்மென்ட் தெருவில் என் மகள் துரைசானி மாதிரி காரில் போவதை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அருளப்பனை விட அந்த வண்டி எனக்குத்தான் அதிகம் வேண்டியிருந்தது.

நாலே மாதம். அவருடைய தங்கை குழந்தைக்கு ஓசூரில் ஞானஸ்நானம். உன் அக்காளுக்குக் காய்ச்சல், அதனால் தனியாகப் போனார். திரும்பி வரும்போது சந்தாபுராவுக்கு இந்தப் பக்கம் வண்டி ரோட்டை விட்டு இறங்கிப் புளியமரத்தில் போய் மோதியது. மத்தியானப் பொழுது, காலி ரோடு, நேர் ரோடு. அவரை வீட்டுக்கும் வண்டியைப் பட்டறைக்கும் கொண்டுவந்தார்கள். மறுநாள் காலையில் நான் வண்டியைப் பார்க்கப் போனேன். முன் அச்சு இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த முகத்தில் பாதி பளபளவென்று புதுசு. மீதிப் பாதி கறுத்துத் துருவேறிப் பழசு. ஈரச் சாக்குப் போட்ட அன்றைக்கே விட்ட வெடிப்பு அது. ஒரு வருஷத்துக்கு மேலாக உள்ளே இருந்து கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. மோதியதால் அச்சு முறியவில்லை மகனே, முறிந்ததால்தான் மோதியது. போலீஸ் பத்து மணிக்கு வருவார்கள் என்றார்கள். நான் உலையை மூட்டி, முறிந்த இரண்டு முனைகளையும் அதில் வைத்துப் பழுக்கவிட்டேன். எடுத்தபோது எல்லாம் ஒரே நிறம். எது பழசு எது புதுசு என்று யாராலும் சொல்ல முடியாது. வந்தவர்கள் பார்த்துவிட்டு, அதிவேகம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். விருந்துக்குப் போனவர் ஆச்சே, குடித்திருப்பார் என்று ஊர் தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டது. அந்த மனுஷன் காப்பியைத் தவிர ஒன்றும் அறியாதவர். நான் வாயைத் திறக்கவில்லை. காசிம் அடக்கத்துக்கு வந்தார், என் கையைப் பிடித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்த வண்டியையும் தொட என் கை வரவில்லை. மாப்பிள்ளை போன துக்கத்தில் மேஸ்திரி தொழிலை விட்டுவிட்டார் என்று எல்லோரும் என்மேல் இரக்கப்பட்டார்கள். அந்த இரக்கத்தையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் பேனா சத்தம் நின்றது. அக்காள் எழுந்து உள்ளே போனாள். பின்கட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் கேட்கவில்லை. நான் நாற்காலியை விட்டு எழவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "சொல்லுங்க" என்றாள். நான் சொல்வதற்குள் அவளே கேட்டாள். கேட்டதையும் எழுது என்றேன், எழுதுகிறாள்.

"நீங்க அந்த அச்ச உலையில வெச்சப்போ நான் எங்கப்பா இருந்தேன்?"

"வீட்டுல. மாப்ள பக்கத்துல."

"அவரக் குளிப்பாட்டிட்டிருந்தாங்க. நீங்க எங்கன்னு நான் கேட்டேன். பட்டறைக்குப் போயிருக்காரு, மாப்பிள்ள வண்டியக் கட்டிப் புடிச்சு அழறாருன்னு சொன்னாங்க."

மகனே, நான் அவளுக்கு அவள் புருஷனைத் திருப்பித் தர முடியாது. ஆனால் அவள் கோபப்பட வேண்டிய ஆள் யார் என்று எட்டு வருஷம் முன்பே நான் சொல்லியிருக்க முடியும். அவள் செத்தவர்மேல் கோபப்பட்டுக்கொண்டே எனக்குச் சோறு போட்டாள், என் சட்டையைத் துவைத்தாள், கண் தெரியாத என்னைக் கையைப் பிடித்துத் தெருவில் நடத்தினாள். அதையெல்லாம் நான் கூசாமல் வாங்கிக்கொண்டேன். முதல் தப்பு அவசரத்தில் வந்தது, இரண்டாவது தலைக்கனத்தில் வந்தது. மூன்றாவதான இந்த மறைப்புக்கு அப்படி ஒரு பெயர்கூடச் சொல்ல வரவில்லை.

உன் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். ஈயம் நிறைய இருக்கிறது, உடம்பு கொஞ்சம் கோணல், இடது டயர் சீக்கிரம் தேயும். அச்சில் கோடு வரவில்லை. இது நான் பார்த்தது. ஆனால் என் வார்த்தையை மட்டும் வைத்து வாங்காதே. பிளாக்பள்ளியில் காசிம் மேஸ்திரி இன்னும் இருக்கிறார். அவரைக் கூட்டிப்போய் முதலிலிருந்து பார்க்கச் சொல். மதகில் மோதிய பிறகு அந்த வண்டியைச் சரிசெய்தவன் யார் என்று விசாரி. அவனிடம் வேலை எப்படி என்று கேட்காதே, எந்த மேஸ்திரியும் தன் வேலையை நல்லது என்றுதான் சொல்வான். எப்படி ஆறவிட்டாய் என்று மட்டும் கேள். அவன் பதில் சொல்ல யோசித்தான் என்றால், கல்யாணத்துக்கு ஜட்கா வைத்துக்கொள். உன் பெண்டாட்டி எதில் வந்தாலும் அழகாகத்தான் இருப்பாள். நாளைக்கு உனக்கும் வீட்டில் ஒரு தப்பு நேரும், நேராத மனுஷன் இல்லை. அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளிப்போட்டால் மறுநாள் அது இன்னும் கஷ்டம்.

இனி என் கையெழுத்து. எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும், பார்த்துப் படி. அக்காள் பேனாவை என் கையில் வைத்து, "மிச்சத்த நீங்களே எழுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள். புடவை மாற்றுகிற சத்தம் கேட்டது. எங்கே அம்மா என்றேன். "கல்லறைக்கு. எட்டு வருஷமா அவரத் திட்டியிருக்கேன், போய் மன்னிப்பு கேக்கணும்" என்றாள். நானும் வருகிறேன் என்று தடியைத் தேடினேன். "நீங்க எங்கூட வராதீங்க. நீங்க கேக்க வேண்டியத நீங்க தனியா போய்க் கேளுங்க" என்றாள். சத்தம் போடவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை வா. என்னைக் கல்லறைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும். மாப்பிள்ளை எந்த வரிசையில் இருக்கிறார் என்று யாரையாவது கேட்டு வை. அடக்கத்தன்றைக்குப் பிறகு நான் அங்கே போனதே இல்லை.

உன் அப்பா